பச்சை உல்லனும் நான் கற்ற சொற்களும்

எனக்கு உல்லன் பின்னத் தெரியும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். தெரியும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொற்களையெல்லாம் நான் எந்த இடத்தில், யார் முன்னால் நின்று ஒப்பித்தேன் என்பது ஞாபகம் வந்துவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால், "மறுபடியும் வளைகாப்புக்குப் போய்ட்டு வந்தியா?" என்பார். அவருக்கு எல்லாமே கிண்டல்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு விடுகிற அறை. கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் யாராவது வருவார்கள், மாசி வெயில் சுடத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார்கள். அந்த வருடம் வந்தவள் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பனி பெய்கிற ஏதோ ஊர். காலையில் மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இரண்டு மூங்கில் ஊசிகளை வைத்துப் பின்னிக்கொண்டே இருப்பாள். நான் துணி காயப்போடப் போகிறவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவளாகவே நகர்ந்து இடம் விட்டு ஊசியை என்னிடம் நீட்டினாள்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வித்தை கற்றுக்கொள்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அதிலும் நான் எதையும் ஒரு தடவை பார்த்தாலே செய்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள். முதல் நாளே அந்தப் பேர் போயிற்று. ஊசியில் முதல் வரிசை நூல் வளையங்களை ஏற்ற வேண்டும், அதற்குக் காஸ்ட் ஆன் என்று பேர். நான் ஏற்றிய வளையங்கள் ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டன, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பூக் கட்டிய கை இது. பூச்சரத்தில் ஒரு முடிச்சு தளர்ந்தால் பூ உதிர்ந்துவிடும், அதனால் நூலைச் சுண்டி இழுத்து இறுக்கித்தான் கைக்குப் பழக்கம். பின்னலில் முடிச்சே கிடையாது. வெறும் வளையம், அதற்குள் இன்னொரு வளையம், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை. குழம்பில் காரம் குறைக்கச் சொல்வதற்காக நான் கற்றுக்கொடுத்த வார்த்தையை எடுத்து என் மணிக்கட்டைத் தட்டித் தட்டி, "கம்மி, கம்மி" என்பாள்.

கை வராவிட்டாலும் சொற்கள் எனக்கு வந்துவிட்டன. அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் என் வாய்க்கு ஏற்ற மாதிரி ஒரு பேர் வைத்துக்கொள்வேன். வளையத்துக்குக் கண்ணி. ஊசியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரு தடவை பின்னி முடிப்பது வரிசை. ஊசியை முன்னாலிருந்து விட்டு நூலை வாங்குவது நிட், பின்னாலிருந்து புரட்டி வாங்குவது பர்ல். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் முன்பக்கம் வழவழவென்றும் பின்பக்கம் கரடுமுரடாகவும் வரும். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் உடனே பிடிக்க வேண்டும், விட்டுவிட்டால் கீழே கீழே என்று பிரிந்துகொண்டே போகும். கடைசியில் எல்லாக் கண்ணிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடைத்தால்தான் ஊசியை உருவலாம். இதையெல்லாம் அடுப்படியில் நின்றபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "காலேஜ் விட்டாச்சா, சாப்பாடு கிடைக்குமா?" என்பார்.

சதுரமாக ஒரு துண்டு சுமாராக வந்ததும், அடுத்தது என்ன என்று கேட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் சிறியதாக, சீக்கிரம் முடிகிறதாக ஒன்றைப் போட வேண்டுமாம். இரண்டு கைகளையும் குவித்து, அதற்குள் ஒரு தலை இருப்பதைப் போலக் காட்டினாள். கைக்குழந்தைக்குப் போடுகிற குல்லா. இலைப் பச்சையில் ஒரு உல்லன் உண்டையையும் கொடுத்தாள்.

அப்போது என் மகள் ஆறாம் மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம், நிலத்தில் மணிலாக்கொட்டை போடுகிற குடும்பம். மருமகன் செய்யாறு பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். அதற்கு முந்தைய வருடம் ஒன்று உண்டாகி நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இந்தத் தடவை ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தால்கூட, "நல்லா இருக்குதாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டோம். இந்தக் குழந்தை முழுசாக வெளியே வர வேண்டும், எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரே நினைப்புதான்.

எங்கள் பக்கத்தில் பிறக்கிறதுக்கு முன்னால் குழந்தைக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டோம். பிறந்தவுடன் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியில்தான். தீட்டுக் கழிக்கிற அன்றைக்குத்தான் புதுத்துணி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டுக்காரி மருமகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போதே தொட்டில் வாங்கி வந்தாள் என்று தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியவள் நான். அப்படிப்பட்ட நான் பச்சைக் குல்லாவுக்குக் கண்ணி போட்டேன். எப்படி என்று கேட்டால், அதைக் குல்லா என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு அது வரிசை, நிட், பர்ல். இன்றைக்கு எத்தனை வரிசை வந்தது, கண்ணி ஏதாவது நழுவியதா, இவ்வளவுதான் கணக்கு. அடி மனதில் அந்தக் குழந்தையின் தலை இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. சொற்களைப் போட்டு மூடி வைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஏழாம் மாத வளைகாப்பு. சம்பந்தி வீட்டில் நடத்தி, முடிந்ததும் பெண்ணை நாங்கள் அழைத்துக்கொண்டு வர வேண்டும். வேனில் சீர்த்தட்டுகள், வளையல், கலந்த சாதம் என்று எல்லாம் ஏற்றியாயிற்று. ஏறும்போது என் கட்டப்பையில் அந்தப் பின்னலையும் போட்டுக்கொண்டேன். போகிற வழியில் இரண்டு வரிசை போடலாமே என்று. ஒரு மனுஷிக்குப் புத்தி எப்படி மழுங்கிப் போகும் பாருங்கள். வேனிலும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் என்ன ஏது என்று கேட்கவில்லை, அவர்களுக்கு அது ஏதோ நூல் வேலை.

கூடம் நிறையப் பெண்கள். என் மகளை மணையில் உட்கார வைத்தாயிற்று, தலை நிறையப் பூ, முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. சந்தனக் கிண்ணம் எங்கே என்று யாரோ கேட்க, நான் கட்டப்பைக்குள் கையை விட்டு வேகமாக இழுத்தேன். கிண்ணத்தோடு உல்லன் உண்டையும் வெளியே வந்து விழுந்து, உருண்டு, நூலை விட்டுக்கொண்டே கூடத்தின் நடுவில் போய், மருமகனின் பெரியத்தை காலடியில் நின்றது. சம்பந்தியம்மாவுக்கு நாத்தனார். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் நூலைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க என் பையிலிருந்து ஊசியும் அதில் தொங்கிய பச்சைத் துண்டும் அந்தத் துண்டில் குத்தியிருந்த இன்னொரு ஊசியும் தரையில் தேய்ந்துகொண்டு அவரிடம் போயின.

"இத்த யாரு கொண்டாந்தது?"

"நான்தாங்க," என்றேன்.

"இது என்னாது?"

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அல்லது ஒன்றுமில்லை என்று வாங்கி உள்ளே போட்டிருக்கலாம். அப்போதுதான், அந்த நொடியில்தான், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது. அந்த வார்த்தை வெளியே வராமல் இருக்க மற்ற எல்லா வார்த்தையையும் கொட்டினேன்.

"இது நிட்டிங்குங்க. இதோ இந்த வளையம் இருக்குது பாருங்க, இதுக்குப் பேரு கண்ணி. மொதல்ல ஊசியில கண்ணி ஏத்தணும், அத்த காஸ்ட் ஆன்னு சொல்றாங்க. முன்னாடி விட்டு வாங்கினா நிட், புரட்டி வாங்கினா பர்ல். ஒரு வரிசை அது, ஒரு வரிசை இது. அப்பதான் இந்தப் பக்கம் வழவழன்னு வரும். கடைசியா அடைக்கிறதுனு ஒண்ணு இருக்குது, அது இன்னும் நான் கத்துக்கல."

ஏதோ பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. கண்ணி நழுவினால் என்ன ஆகும் என்று வேறு சொல்ல ஆரம்பித்து, பாதியில் என் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினேன்.

"வாங்கறதும் புரட்டறதும் நான் கேக்கல," என்றார் பெரியத்தை. "இது என்னா ஆவப் போவுதுன்னு கேட்டேன்."

அவர் அந்தத் துண்டைத் தன் மடக்கிய கை முஷ்டியின் மேல் கவிழ்த்துப் பார்த்தார். அது அப்படியே வளைந்து, ஒரு சின்னத் தலையில் உட்கார்வதுபோல உட்கார்ந்துகொண்டது.

"கொழந்த குல்லா," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பொறக்கறதுக்கு முன்னாடியே. அதுவும் போன தடவ அப்பிடி ஆனதுக்கு அப்புறம். பெத்தவங்களே இப்பிடிப் பண்ணா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். கன்னத்தில் பூசிய சந்தனம் கரையக் கரைய என் மகள் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவளை அழ வைத்தது பெரியத்தையா நானா என்று அங்கே இருந்த யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போது சம்பந்தியம்மா எழுந்து வந்தார். அதிகம் பேசாதவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடுங்க அண்ணி," என்று அந்தப் பின்னலை ஊசியோடு வாங்கி, உண்டையையும் எடுத்துச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கைகளை முந்தானையில் துடைத்தபடி திரும்பி வந்து, "நேரம் ஆவுது, வளையல் போட ஆரம்பிங்க," என்றார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது அதைத் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தீர்த்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மா முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனதுதான் என்னைக் குடைந்தது. வேன் வீடு வந்து சேர்வதற்குள் என் வெட்கம் கோபமாக மாறிவிட்டது. என் சுபாவம் அப்படி. "இந்நேரம் உங்க மாமியாரு அத்த அடுப்புல போட்டிருப்பாங்க," என்றேன் மகளிடம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க அத்தை அப்பிடிச் செய்ய மாட்டாங்கம்மா," என்றாள். "நீ கண்டியா?" என்று கேட்டுவிட்டு நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அடுப்பில் போட்டிருப்பார் என்று ஒரு நாள் சொல்வேன், குப்பையில் எறிந்திருப்பார் என்று இன்னொரு நாள். பால்காரம்மாவிடம்கூடச் சொன்னேன். மாடிப் பெண் குல்லா எங்கே என்று கையைக் குவித்துக் கேட்டபோது, அவளிடம் என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது? தொலைந்துவிட்டது என்றேன். அவளுடைய ஊசி அது. அவள் கோபப்படவில்லை. இன்னொரு ஜோடி ஊசியைக் கொடுத்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒரு சதுரத் துண்டில் கண்ணி அடைக்கக் கற்றுக்கொடுத்தாள். என்னிடம் பாக்கி இருந்த ஒரே பாடம் அதுதான். கற்றுக்கொண்டேன், ஊசியைப் பரணில் போட்டேன்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் மகள் என்னைக் கூப்பிட்டு, காலையிலிருந்து அசைவே தெரியவில்லை என்றாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் சாமியைக் கும்பிடவில்லை. வண்டி தேரடி நெரிசலில் மாட்டி நின்றபோது கோபுரத்தைப் பார்த்தேன், கை குவியவில்லை. பச்சைத் துண்டு ஒன்று மடக்கிய ஒரு கையின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் கண் முன்னால் வந்துகொண்டிருந்தது. டிகிரி படித்தவள் நான், ஒரு நூல் துண்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தெரிந்தவள். ஒன்றும் ஆகாது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்படி நம்ப முடியாமல் போனதும் அவமானமாகத்தான் இருந்தது. டாக்டர் கருவியை வைத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. மகள் சிரித்தாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பங்குனியில், விடிந்து நல்ல வெயில் ஏறிய பிறகு, பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். நர்ஸ் பழைய துணி கேட்டார், வீட்டுக்காரரின் வேட்டியைக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த வேட்டி. அதற்குள் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது, ஈர முடியோடு. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்துச் சம்பந்தியம்மா வந்துவிட்டார், தனியாக. வளைகாப்புக்குப் பிறகு நாங்கள் முகத்துக்கு முகம் பார்ப்பது அப்போதுதான். இரண்டு தடவை அவர் மருமகளைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோதும் நான் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டிருந்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையின் தலையை ஒரு விரலால் தொட்டார். மருமகளின் பக்கத்தில் போய் அவள் நெற்றியை வழித்து நெட்டி முறித்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

மூட்டையின் ஒரு மூலையில் காசு முடிந்திருந்தது. வேண்டுதல் காசு. பிரித்தேன். பச்சை உல்லன். நான் விட்ட இடத்தில் விட்டபடியே, எல்லாக் கண்ணியும் ஊசியில் வரிசையாக இருந்தது. ஊசியின் முனையில் மஞ்சள் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார், ஒரு கண்ணிகூட நழுவ முடியாத மாதிரி.

"ஊசிய உருவல சம்பந்திம்மா," என்றார். "நழுவுனா பிரிஞ்சிக்கிட்டே போவும்னு அன்னிக்கி நீங்க சொன்னீங்க இல்ல. எனக்கு பயமாப் போச்சி. அதான் நூலு கட்டி, காசு முடிஞ்சி, சாமிகிட்டயே வெச்சிட்டேன். தெனம் ஒரு தடவ எல்லாம் அப்பிடியே இருக்குதான்னு பாத்துட்டுத்தான் வெளக்கேத்துவேன்."

அந்தக் கூடத்தில் நான் உளறியதை ஒருத்தர் காதில் வாங்கியிருக்கிறார். எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, அதை நம்பி, அதன்படி செய்திருக்கிறார். நான் பால்காரம்மாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மகளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. வளைகாப்பில் பட்டதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று தோன்றியது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நான் உங்கள தப்பா நெனச்சிட்டேங்க," என்றேன். "அடுப்புல போட்டிருப்பீங்கனு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"தெரியும்," என்றார். "மருமவ சொல்லிச்சி." குரலில் ஒரு கோபமும் இல்லை. அதற்குக் கோபப்பட்டிருக்கலாம். "தீட்டு கழிக்கிற அன்னிக்கி புதுசு போடலாம். அதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

மஞ்சள் நூலை அவிழ்க்க என் கைக்கு வெகுநேரம் ஆயிற்று. துண்டில் குத்தியிருந்த இன்னொரு ஊசியை எடுத்து முதல் கண்ணிக்குள் விட்டேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலை நீட்டி, "இது என்னாங்க, கண்ணியா?" என்று கேட்டார். ஆமாங்க, கண்ணி என்றேன். "இது வரிசை." ஆமாங்க. "இப்ப பண்றது நிட்டா, இன்னொண்ணா?" பர்ல், புரட்டி வாங்குறது என்றேன். ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உள்ளே குழந்தை அழுதது. எழுந்துவிட்ட அவர், மறுபடியும் உட்கார்ந்து, அந்தப் பச்சைத் துண்டின் ஓரத்தைத் தொட்டார்.

"முடிஞ்சா இதுக்கு என்னா பேருங்க?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"குல்லாங்க," என்றேன். "நம்ம கொழந்தைக்குக் குல்லா."